வீட்டு விளக்கின் திறவுகோல் யார் கையில்?

ஒருவன் விலைகொடுத்து வாங்கிய பொருள், அவன் வீட்டுக்குள் வந்து சேர்ந்த பின்னும் விற்றவனுக்கே கட்டுப்பட்டு நடக்குமாயின், அதனை அவன் வாங்கினான் என்பதா, இரவல் பெற்றான் என்பதா? அரிவாளுக்கும் அம்மிக்கும் உரலுக்கும் இக்கேள்வி எழுந்ததே இல்லை. அடித்துக் கொடுத்த கொல்லன் மறைந்த பின்னும் அரிவாள் அறுத்தது. கொத்திக் கொடுத்த கல்தச்சன் ஊரைவிட்டு அகன்ற பின்னும் அம்மி அரைத்தது. ஆனால் இற்றை நாளில் வீட்டுக் கூடத்தில் எரியும் ஒரு மின்விளக்கைப் பற்றியே இக்கேள்வியை எழுப்ப வேண்டியுள்ளது. ஆக்கிய குழுமம் கடையை மூடினால் விளக்கு எரியாது, கதவு திறவாது, விசிறி சுழலாது என்னும் நிலை வந்துவிட்டது.

திறன்வீடு என்று இக்கால் பெருமையாகப் பேசப்படுவது யாது? விளக்கு, விசிறி, பூட்டு, குளிர்பொறி, நீரேற்றி, கண்காணிப்புப் படக்கருவி ஆகியவற்றுக்குள் சிறு கணிப்பொறி ஒன்றையும் அலைவாங்கி ஒன்றையும் வைத்து, அவற்றைத் திறன்பேசியாலோ குரலாலோ ஏவுமாறு செய்த அமைப்பே அஃது. அமைப்பில் குற்றமில்லை. முதுமையால் எழுந்து நடக்க இயலாத ஒருவர் படுக்கையில் இருந்தவாறே விளக்கை அணைப்பதும், மேல்தொட்டி நிறைந்ததும் நீரேற்றி தானே நின்றுவிடுவதும் நல்லனவே. அறிவியலைப் பழிப்பது அறிவுடையார் செயலன்று. பழிக்கத்தக்கது, அவ்வறிவியலைக் கொண்டு வீட்டாரைத் தம் வாயிலிற் காத்திருக்கச் செய்யும் வாணிகச் சூழ்ச்சி ஒன்றே.

இதன் உண்மையை உணர, நடந்தவற்றை நோக்குதல் போதும். அமெரிக்காவில் ‘இரிவால்வு’ என்னும் பெயரில் ஒரு நடுவக் கருவி விற்கப்பட்டது. வெவ்வேறு குழுமங்களின் விளக்குகளையும் பூட்டுகளையும் ஒன்றாக இணைத்து ஏவுவது அதன் பணி. விலை ஏறத்தாழ 300 தாலர். வாழ்நாள் முழுமைக்குமான பணி அவ்விலையிலேயே அடங்கும் என்று கூறி விற்றனர். 2014ஆம் ஆண்டு அக்தோபரில், கூகுளுக்கு உரிய நெசுட்டு என்னும் குழுமம் அதனை விலைக்கு வாங்கியது. 2016ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் அதன் வழங்கிகள் நிறுத்தப்பட்டன. அன்றே, வாங்கியோர் வீடுகளில் இருந்த அக்கருவிகள் அனைத்தும் வெற்றுப் பெட்டிகளாயின. கருவி உடையவில்லை, எரியவில்லை, அதனுள் ஒரு கம்பிகூட அறவில்லை. ஆயினும் அது செத்தது. ‘வாழ்நாள்’ என்று சொல்லப்பட்டது யாருடைய வாழ்நாள் என்பது அப்பொழுதுதான் வாங்கியோர்க்கு விளங்கிற்று.

2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. 2005 முதல் வீட்டுக் கருவிகளை விற்றுவந்த ‘இன்சுட்டியான்’ என்னும் அமெரிக்க அமைப்பின் வழங்கிகள், வாங்கியோர்க்கு ஒரு சொல்லும் உரைக்கப்படாமல் அணைந்தன. திறன்பேசியால் ஏவுவோர் திகைத்து நின்றனர். அந்நிலையிலும் சுவரில் இருந்த சொடுக்கிகள் தம் விளக்குகளை ஏற்றின. வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று நேராகப் பிணைக்கப்பட்டிருந்தவை வழக்கம்போல் இயங்கின. தொலைவில் இருந்த வழங்கியை நம்பியவையே நின்றன. அவ்வாண்டு சூன் திங்களில், அக்கருவிகளைப் பயன்படுத்திவந்தோருள் சிலரே கூடி அவ்வமைப்பை விலைக்கு வாங்கி மீண்டும் இயக்கினர். முன்னர்க் கட்டணமின்றி நடந்த பணிக்குப் பின்னர் ஆண்டுக் கட்டணம் வந்தது.

அண்மைக் காலத்தும் இந்நிலை மாறிற்றில்லை. பெல்கின் குழுமம், தன் ‘வீமோ’ கருவிகளுள் பெரும்பாலானவற்றுக்கான முகில் பணியை 2026ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாளோடு நிறுத்துவதாக 2025இல் அறிவித்தது. ஆப்பிளின் வீட்டமைப்போடு முன்னரே இணைக்கப்பட்டிருந்தவை மட்டும் அதன் பின்னும் இயங்கும் என்றது. ஏன்? அவ்வமைப்பில் ஏவல் வீட்டுக்குள்ளேயே செல்கிறது. பெல்கினின் வழங்கியைத் தொடுவதில்லை. இன்னும் ஒன்று: 2025ஆம் ஆண்டு அக்தோபர் 20ஆம் நாள், அமெரிக்காவின் வடவர்சீனியாவில் உள்ள அமேசானின் கணிப்பொறி நிலையங்களில் பிழை நேர்ந்தது. உலகின் பல பகுதிகளில் அலெக்சா என்னும் குரலேவல் கருவி வாய்மூடிற்று. வாயில் மணிக் கருவிகள் தடுமாறின. பல்லாயிரம் கல் தொலைவில் உள்ள ஒரு கட்டடத்தில் நேர்ந்த பிழைக்கு, தன் படுக்கையறை விளக்கை அணைக்க முடியாமல் ஒருவன் அல்லலுறுவது முன்னேற்றமா?

இக்கேட்டின் வேர் எங்குள்ளது? ஏவல் செல்லும் வழியில் உள்ளது. கூடத்தில் அமர்ந்திருப்பவர் திறன்பேசியைத் தொட்டதும் அவ்வேவல் மூன்று முழத் தொலைவில் உள்ள விளக்குக்கு நேரே செல்வதாகவே எவரும் எண்ணுவர். விலை குறைந்த கருவிகள் பலவற்றில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஏவல் வீட்டைவிட்டு வெளியேறிக் கடல் கடந்து, அயல்நாட்டு வழங்கி ஒன்றன் வாயிலில் நின்று, இசைவு பெற்று, மீண்டும் கடல் கடந்து வந்தே விளக்கைத் தொடுகிறது. நொடிக்குள் முடிவதால் அப்பயணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இணையம் அறும் நாளில்தான் தெரிகிறது.

தொடக்கத்தில் இந்நிலை இருந்ததில்லை. 1975ஆம் ஆண்டு இசுக்காட்லாந்தில் பிக்கோ என்னும் குழுமம் ‘எக்சு-10’ என்னும் முறையை ஆக்கியது. வீட்டு மின்கம்பியையே வழியாகக் கொண்டு குறிகளை அனுப்பி விளக்குகளை ஏவிய முறை அது. மெதுவானது, பிழை மிகுந்தது, ஆயினும் ஏவல் அவ்வீட்டு மின்கம்பிகளிலேயே ஓடிற்று. பின்னர்க் கம்பியில்லா முறைகள் வந்தன. சிக்பீ ஒரு மொழி பேசிற்று. இசட்வேவு வேறொரு மொழி பேசிற்று. அருகலைக் கருவிகள் அவ்வவற்றை ஆக்கியோர் வகுத்த தனித்தனி மொழிகளைப் பேசின. ஒரு கூரையின் கீழ் இருந்த விளக்கும் பூட்டும் ஒன்றையொன்று அறியா. ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி, ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல். இப்பிளவு இயற்கையாய் நேர்ந்ததன்று. தம் வேலிக்குள் வந்தவர் வெளியேறாதிருக்க வேண்டும் என்னும் வாணிக விழைவும் அதனை வளர்த்தது.

பிளவு வாணிகத்துக்கே தடையான பின்னரே வாணிகர் கூடினர். 2019ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள் அமேசான், ஆப்பிள், கூகுள், சிக்பீ கூட்டமைப்பு ஆகியவை பொதுநெறி ஒன்று காண்பதாக அறிவித்தன. 2021இல் அதற்கு ‘மேட்டர்’ எனப் பெயரிட்டனர். 2022ஆம் ஆண்டு அக்தோபரில் அதன் முதற்பதிப்பு வந்தது. அதன் சிறப்புகள் இரண்டு. முதலாவது, மேட்டர் நெறியில் ஏவல் வீட்டுக்குள்ளேயே செல்லும். இணையம் அறுந்தாலும் விளக்கு கேட்கும். இரண்டாவது, ஒரே கருவியை ஒன்றுக்கு மேற்பட்ட குழுமங்களின் அமைப்புகள் ஒரே நேரத்தில் ஆளலாம். பாராட்டத்தக்க மாற்றமே இது. எனினும் இதனையே முழுமையான மீட்பாகக் கொள்ளுதல் கூடாது. முதற்பதிப்பில் கண்காணிப்புப் படக்கருவிக்கு இடமில்லை. வெப்ப நாட்டு வீடுதோறும் சுழலும் மின்விசிறிக்கே 2023ஆம் ஆண்டு அக்தோபரில் வந்த பதிப்பில்தான் இடம் கிடைத்தது. மேலும், பெட்டியின்மேல் மேட்டர் குறி இருப்பினும், விளக்கின் சிறப்புப் பண்புகள் சிலவற்றை ஆக்கியோரின் செயலி வழியாக மட்டுமே ஆளவிடும் வழக்கம் ஒழிந்தபாடில்லை.

இனி, இக்கருவிகளை வாங்கி வைத்தோர் நாள்தோறும் படும் அல்லலைக் காண்போம் எனின், அவற்றுட் பெரும்பாலானவை சில வேர்களிலேயே அடங்கும். வேரறியாதார் கருவியைப் பழித்துத் தூக்கியெறிந்து புதியது வாங்குகின்றனர். அதனால் மகிழ்வோன் வாணிகனே. ஆகலான் அவ்வேர்களை அறிதல் வீட்டார்க்குத் தற்காப்பாகும்.

முதற் சிக்கல், புதுக் கருவி வீட்டு அருகலையோடு இணைய மறுப்பது. திசைவிகள் பல 2.4 கிகா எர்ட்சு, 5 கிகா எர்ட்சு என்னும் இரண்டு அலைவெண்களில் இயங்குகின்றன; சிறு கருவிகளோ பெரும்பாலும் முன்னதை மட்டுமே அறியும். இரண்டுக்கும் ஒரே பெயர் இட்டிருந்து, திறன்பேசி பின்னதில் நின்றால், இணைப்பு வேலை பல கருவிகளில் இடையில் முறியும். இணைக்கும் அளவும் 5 கிகா எர்ட்சை நிறுத்திவைத்தாலோ, இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் இட்டாலோ தீரும். இதற்காகக் கருவியைக் கடைக்குத் திருப்பியனுப்பியோர் பலர்.

இரண்டாவது, நேற்று இயங்கியது இன்று ‘கிட்டவில்லை’ எனல். மின்தடைக்குப் பின் இது மிகுதி. மின்னாற்றல் மீண்டதும் விளக்கு நொடியில் விழித்துக்கொள்ளும். திசைவி விழிக்கவோ சில மணித்துளிகள் ஆகும். அதற்குள் கேட்டுக் கேட்டு ஓய்ந்த கருவிகள் சில பின்னர்க் கேட்பதை நிறுத்திவிடும். ஒருமுறை அணைத்து ஏற்றினால் சேரும். திசைவிக்கு மட்டும் சிறு மின்கல ஏந்து அமைத்தால் இத்தொல்லையே குறையும். மின்தடைக்குப் பின் கருவிகளின் உள்முகவரி மாறிவிடுவதும் உண்டு. திசைவியில் ஒவ்வொரு கருவிக்கும் நிலையான முகவரி ஒதுக்கிவிடல் அதற்கு மருந்து. நள்ளிரவில் மின்னாற்றல் மீளும்பொழுது விளக்குகள் அனைத்தும் தாமே எரிந்து துயில் கெடுப்பதும் பிழையன்று. மின்மீட்சியில் எந்நிலை கொள்வது என்னும் அமைப்பை, ‘முன்பிருந்த நிலை’ என மாற்றினால் போதும்.

மூன்றாவது, அலைகளின் மோதல். சிக்பீயும் அருகலையும் 2.4 கிகா எர்ட்சு என்னும் ஒரே வெளியில் பேசுவன. சிக்பீக்கு 11 முதல் 26 வரை 16 தடங்கள் உண்டு. அருகலைத் திசைவியை 1ஆம் தடத்தில் நிறுத்திச் சிக்பீயை 25ஆம் தடத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றை மிதிக்காது. நடுவக் கணிப்பொறியின் செருகுவாயிலேயே சிக்பீ அலைவாங்கியைச் செருகிவைத்தல் மற்றொரு தவறு. விரைவு மிக்க செருகுவாய்கள் அதே அலைவெண்ணில் இரைச்சல் எழுப்புவன. இரண்டு முழ நீட்டிப்புக் கம்பி வாங்கி அலைவாங்கியை அப்பால் வைத்தால், மாதக்கணக்கில் தீராத தொல்லைகூட அன்றே தீரும்.

நான்காவதே எல்லாவற்றினும் எண்ணத்தக்கது. சிக்பீக் கருவிகள் ஒன்றன் செய்தியை மற்றொன்று வாங்கிக் கடத்துவன. ஆனால் கடத்தும் பணியைச் செய்வன சுவர் மின்னாற்றலில் இயங்குவனவே. மின்கலத்தில் இயங்கும் சிறு உணரிகள் கடத்தா. இடைக்கழி விளக்கு வழியாகக் கொல்லைப்புறக் கதவின் உணரி பேசிக்கொண்டிருக்கிறது என்க. வீட்டு மூதாட்டி, அறுபது ஆண்டுப் பழக்கத்தால், படுக்கச் செல்லுமுன் சுவர்ச் சொடுக்கியை அணைக்கிறார். விளக்கு மட்டுமா அணைந்தது? கடத்தும் பாலமே அறுந்தது. கொல்லைக் கதவு ஊமையாயிற்று. மறுநாள் வீட்டு இளைஞர், “பாட்டி, அந்தச் சொடுக்கியைத் தொடாதீர்கள்” என்று கடிந்துகொள்கிறார்.

குற்றம் யாருடையது? மூதாட்டியுடையது அன்று. வீட்டில் வாழ்வோர் அனைவர்க்கும் கட்டுப்படாத அமைப்பை அமைத்தவருடையதே. திறன்பேசி வைத்திராத முதியோரும், எழுத்தறியாத குழந்தையும், வந்து தங்கும் விருந்தினரும் சுவரைத் தடவி விளக்கேற்ற முடியாத வீடு திறன்வீடு ஆகாது. ஒருவர் மட்டுமே ஆளும் வீடாகும். எனவே குமிழுக்குள் அறிவை வைப்பதினும் சுவர்ச் சொடுக்கிக்குப் பின்னால் அறிவை வைப்பதே சிறந்தது. அப்பொழுது கையும் ஏவும், குரலும் ஏவும், ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. ஆனால் இதற்கு முன் இரண்டு செய்திகளை மின்பணியாளரைக் கொண்டு ஆய்தல் வேண்டும். சொடுக்கிப் பெட்டிக்குள், ‘நியூட்ரல்’ என்று அவர்கள் வழங்கும் கம்பி வந்துள்ளதா என்பது ஒன்று. திறன் சொடுக்கிகள் பல அஃதின்றி இயங்கா. மின்விசிறிக்குப் பழைய விரைவுக் கட்டுப்படுத்தியோடு புதியதையும் சேர்த்து வைக்கின்றனரா என்பது மற்றொன்று. விளக்கின் ஒளி குறைக்கும் கருவியை விசிறிக்கு வைப்பின் விசிறி உறுமும். நாளடைவில் சுற்றுக்கம்பி சூடேறும். விசிறிக்கெனவே ஆக்கப்பட்டதை வைத்துப் பழையதை நீக்கல் வேண்டும்.

பிழை காணும் முறையும் ஒன்றே: மின்னாற்றல் உண்டா, அலை எட்டுகிறதா, முகவரி மாறிற்றா, ஆக்கியோரின் வழங்கி இயங்குகிறதா என இவ்வொழுங்கில் ஒவ்வொன்றாகப் பார்த்தல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல். ஐந்தை ஒருங்கே மாற்றியவர் எது தீர்த்தது என்பதை என்றும் அறியார். கருவியை முழுவதும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொணர்தல் இறுதி மருந்தாகவே இருத்தல் வேண்டும். ஏனெனில் வழங்கி மாண்டபின் அவ்வாறு அழிக்கப்பட்ட கருவி மீண்டும் உயிர்பெறாமலே போகலாம்.

இவற்றோடு காவல் பற்றியும் உரைத்தல் கடன். 2016ஆம் ஆண்டு ‘மிராய்’ என்னும் தீநிரல், உலகெங்கும் வீடுகளில் இருந்த படக்கருவிகளையும் திசைவிகளையும் கைப்பற்றியது. அது பெரிய அறிவுத் திறனைக் காட்டவில்லை. ஆக்கியோர் இட்டு, வாங்கியோர் மாற்றாதுவிட்ட ஏறத்தாழ 60 பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்றது, அவ்வளவே. அவ்வாறு அடிமையாக்கப்பட்ட கருவிகளைக் கொண்டே அக்தோபர் 21ஆம் நாள் டைன் என்னும் இணையப் பெயர்ப்பணிக் குழுமம் தாக்கப்பட்டது. துவிட்டர் உள்ளிட்ட பெருந்தளங்கள் பலர்க்குக் கிட்டாதுபோயின. தன் வீட்டு வாயிலைக் காக்க வாங்கிய கருவியே அயலார் வாயிலை உடைக்கும் கூலிப்படையாக மாறியதை வாங்கியோர் அறியவும் இல்லை. வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுதலும், இக்கருவிகளைத் திறன்பேசி, கணிப்பொறிகளினின்று பிரித்துத் தனி அருகலையில் வைத்தலும் ஒவ்வொரு வீட்டாரும் செய்யத்தக்கன.

தனியார் விழிப்பு மட்டும் போதாது. அரசும் விழிக்க வேண்டும். பிரித்தானிய நாட்டில் 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் இட்டு விற்பதைத் தடுத்தது. காப்பு இற்றைப்படுத்தங்களை எத்துணைக் காலம் வழங்குவர் என்பதை விற்குமுன்னரே வெளிப்படையாக அறிவிக்கவும் கட்டளையிட்டது. அரிசிப் பையின்மேல் எடை பொறித்திருத்தல் போல், திறன் கருவிப் பெட்டியின்மேல் அதன் வாழ்நாளும், இணையமின்றி இயங்குமா என்பதும் பொறிக்கப்படல் வேண்டும். கடையை மூடும் குழுமம், கருவிகளைப் பூட்டிவிட்டுப் போகாமல் அவற்றின் மொழியைப் பொதுவில் வெளியிட்டுவிட்டுப் போக வேண்டும் எனவும் சட்டம் செய்தல் வேண்டும்.

முகில் வழியே எளிது, தொலைவிலிருந்தும் ஏவலாம், விலையும் குறைவு என்று வாதிடுவோர் உளர். அவர் கூறுவது பொய்யன்று. ஆனால் எளிமைக்கு விலையாக உரிமையைக் கொடுப்பவர், பின்னர் இரண்டையும் இழப்பதே இதுகாறும் கண்ட பட்டறிவு. மாற்றுவழி இல்லாமலும் இல்லை. 2013இல் தனியாள் ஒருவரின் முயற்சியாகத் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலரால் வளர்ந்த ‘ஓம் அசிசுட்டண்டு’ என்னும் திறந்த மென்பொருள், உள்ளங்கை அளவுக் கணிப்பொறியில் வீட்டுக்குள்ளேயே இயங்குகிறது. பலவகைக் கருவிகளையும் ஓரிடத்தில் இணைக்கிறது. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல், அதன் உரிமை விற்பனைக்கு அப்பாற்பட்ட அறக்கட்டளை ஒன்றன் கையில் உள்ளது. அதனைக் கற்றுக்கொள்ள உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பின் பயன் உழைத்தவன் வீட்டிலேயே தங்கும்.

மொழிச் செய்தியும் இங்கேயே வருகிறது. அமேசானின் குரலேவல் கருவி 2014இல் ஆங்கிலத்தோடு வந்தது. 2019இல் இந்தி கற்றது. எந்த மொழியை எப்பொழுது கற்பது என்பதை வாணிகக் கணக்கே முடிவு செய்கிறது. தன் அடுக்களை விளக்கை ஏற்றத் தமிழ்க்குடும்பத்து மூதாட்டி அயன்மொழியில் கெஞ்ச வேண்டுமா? 2022ஆம் ஆண்டு பொதுவில் வெளியிடப்பட்ட ‘விசுப்பர்’ என்னும் ஒலியறி மென்பொருள் தமிழ்ப் பேச்சையும் எழுத்தாக்க வல்லது. அதனை வீட்டுக் கணிப்பொறியிலேயே நிறுவலாம். ஓம் அசிசுட்டண்டு அமைப்பில் ஏவற் சொற்றொடர்களை அவ்வம்மொழியார் தாமே எழுதிச் சேர்க்கலாம். “கூடத்து விளக்கை ஏற்று”, “முற்றத்து விளக்கை அணை”, “விசிறியை மெல்லச் சுழற்று” என்பனவற்றை எழுதிச் சேர்க்க எந்தக் குழுமத்தின் இசைவும் வேண்டுவதில்லை. தமிழறிந்த கணிப்பொறி இளைஞர் சிலரின் உழைப்பே வேண்டும். வீட்டுக் கருவிகளுக்குப் பெயரிடும்பொழுதேனும் தமிழிற் பெயரிடுதல் இன்றே செய்யத்தக்கது.

இறுதியாக, ஒவ்வொரு திறன்வீட்டிலும் எளிய தேர்வொன்று நடத்தப்படல் வேண்டும். இணையக் கம்பியை அரைமணி நேரம் பிடுங்கி வைத்துவிட்டு, எவை இயங்குகின்றன, எவை நின்றன என்று குறித்துக்கொள்ளுதலே அது. நின்றவை பிறர்க்கு உரியவை, இயங்கியவையே வீட்டாருடையவை. அடுத்து வாங்குவனவற்றை இக்கணக்கைக் கொண்டு வாங்குதல் வேண்டும். கருவிகளின் பெயர், முகவரி, கடவுச்சொல், பிழை தீர்க்கும் வழி ஆகியவற்றைத் தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வீட்டில் வைத்தல் வேண்டும். அமைத்த இளைஞர் வேலை தேடி அயல்நாடு சென்ற பின், எஞ்சிய முதியோர் இருளில் தவிக்கும் நிலை வரலாகாது.

விளக்கேற்றுவது ஒரு வீட்டின் முதல் உரிமை. அதனை ஏற்றவும் அணைக்கவும் பிறனொருவனின் இசைவுக்குக் காத்திருக்கும் வீடு, எத்துணை ஒளியோடு விளங்கினும் இருண்ட வீடே. அறிவியலை வீட்டுக்குள் வரவேற்பீர். திறவுகோலை வெளியே கொடாதீர்.